ஓடுவதைத் திறக்காதீர்கள்

பட்டம் பெறும் பிள்ளைகளே, அவர்களைப் பெற்றவர்களே, அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே நாலு வரி பெருமை போட்டிருக்கிறார்கள். அதை வீட்டுக்குப் போய்ப் படித்துக்கொள்ளுங்கள். நான் விஷயத்துக்கு வருகிறேன்.

இயந்திரம் எப்போது நிற்கும், ஏன் நிற்கும், நிற்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று கணக்குப் போடுகிறவன் நான். ரிலையபிலிட்டி இன்ஜினியர் என்பார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். "மிஷின் ஓடுனா இவனை யாருக்கும் ஞாபகம் இருக்காது, நின்னா எல்லாருக்கும் ஞாபகம் வரும்" என்றார் என் அண்ணன். அதற்குப் பிறகும் பெண் கொடுத்தார்கள்.

என் அப்பா ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் ஃபிட்டர். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். பிறகு ஊரைச் சுற்றி ஆலைகள் பெருகின. மில் சங்கு கேட்டு உலை வைத்த வீடு எங்களுடையது. பள்ளி விடுமுறையில் அப்பாவுக்குத் தூக்குச்சட்டி கொண்டுபோவேன். ரிங் ஃபிரேம் வரிசை காதைப் பிளக்கும். அப்பா ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, நுனியை பேரிங் இருக்கிற இடத்தில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அத்தனை இரைச்சலில் அந்த ஒரு பேரிங் மட்டும் அவரிடம் பேசும். "இது ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்கும்" என்பார். தாங்கும். இன்று லட்சக்கணக்கில் பணம் கொடுத்து அதிர்வுமானி வாங்கிப் பொருத்துகிறோம். அதுவும் கேட்பது அதே பேச்சைத்தான்.

நான் படித்த காலத்தில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் பொறியியல் கல்லூரி கிடையாது. மதுரைக்குப் போனேன். விடுமுறைக்கு வந்தால் சைக்கிளை மிதித்து ஸ்ரீவில்லிபுத்தூர் பென்னிங்டன் நூலகத்துக்கு வருவேன். 1875இல் தொடங்கிய நூலகம் அது. அறிவு பாதி, பால்கோவா பாதி. ஆடிப்பூரத்துக்கு வந்தால், ரத வீதியில் எல்லாரும் ஆண்டாளையும் ரங்கமன்னாரையும் பார்த்துக் கும்பிடுவார்கள். நான் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வடம் பிடிக்க ஆயிரம் பேர் வரலாம். தேர் எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பது அந்தச் சிலர் கையில் இருக்கிறது. அம்மா திட்டுவாள், சாமியைப் பாருடா என்று.

சரி, நான் சொல்ல வந்தது வேறு. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு தொழிற்சாலையில் ஆண்டுப் பராமரிப்பு நடந்தது. ஒரு கம்ப்ரஸர் குறை ஒன்றும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதிர்வு சரி, சூடு சரி, எண்ணெய் சுத்தம். ஆனால் அட்டவணைப்படி அதைத் திறக்கும் வருஷம் அது. திறந்தார்கள். உள்ளே பழுது இல்லை. துடைத்து, மூடி, ஓட்டினார்கள். அன்றைக்கு ராத்திரியே பேரிங் சூடேறித் தானாக நின்றுவிட்டது. மறுபடி பிரித்தபோது எண்ணெய்க் குழாய்க்குள் கை துடைக்கிற பஞ்சு வேஸ்ட் ஒரு பிடி கிடந்தது. எங்கள் ஊர் மில் வேஸ்ட்டாகக்கூட இருக்கலாம்! பக்கத்தில் நின்ற வயசான ஆயிலர் மெதுவாகச் சொன்னார்: "நல்லாத் தூங்குற பிள்ளையை எழுப்பி மருந்து குடுத்த மாதிரில்லா இருக்கு, சார்."

அவர் அறிக்கை எதுவும் படித்தவர் இல்லை. ஆனால் 1978இல் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நவ்லன், ஹீப் என்ற இருவர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு எழுதிக் கொடுத்த அறிக்கை அவர் கட்சிதான். விமான உறுப்புகளில் வயதாகி, தேய்ந்து பழுதாகிறவை 11 விழுக்காடுதான் என்று கண்டார்கள். 68 விழுக்காடு உறுப்புகள் புதிதாய்ப் பொருத்தியவுடன்தான் அதிகம் தகராறு செய்தன. அந்தக் கட்டம் தாண்டினால் வயது ஒரு பொருட்டே இல்லை. டிசி-8 விமானத்தில் 339 உறுப்புகளைக் கெடு வைத்துக் கழற்றிப் புதுப்பித்தார்கள். டிசி-10 வந்தபோது அது 7 ஆகக் குறைந்தது.

டிசி-10 என்றதும் விவரம் தெரிந்தவர்கள் சிகாகோ விபத்தைக் கேட்பீர்கள். கேட்க வேண்டும். 1979 மே 25 அன்று புறப்படும்போதே ஓர் இன்ஜின் இறக்கையிலிருந்து பிய்ந்து விழுந்து, 273 பேர் இறந்தார்கள். அந்த இன்ஜினைத் தாங்கியிருந்த பகுதி எப்படி விரிசல் கண்டது? சில வாரங்களுக்கு முன் பராமரிப்புக்காகக் கழற்றி, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று இன்ஜினையும் தாங்கியையும் சேர்த்தே ஃபோர்க்லிஃப்டில் தூக்கி மாட்டியபோது.

ஆகவே பராமரிப்பே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக ஊருக்குள் பரப்பிவிடாதீர்கள். எண்ணெய் விடுங்கள், துடையுங்கள், தினமும் போய்ப் பாருங்கள். அட்டவணையில் டிக் அடிப்பதற்காக மட்டும் ஸ்பேனரை எடுக்காதீர்கள். பேரிங்குக்கு ஆயுள் போடும்போதே, நூறில் பத்து அந்தக் கெடுவுக்கு முன்னால் போய்விடும் என்று வைத்துத்தான் போடுகிறார்கள். எந்தப் பத்து என்று எந்த அட்டவணையாலும் சொல்ல முடியாது. பக்கத்தில் போய்க் கேட்டால்தான் தெரியும். மடிக்கணினியோடு ஏசி அறையில் உட்காரப்போகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: ஆயிலர் பெயர் என்ன, அவர் எந்த ஷிப்டு என்று தெரிந்துகொண்டு உட்காருங்கள்.

பால் பேரிங்குக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பளு இரண்டு மடங்கானால் ஆயுள் பாதியாகாது, எட்டில் ஒன்றாகும். இதை நான் வகுப்பில் படித்தேன். என் மனைவி படிக்காமலே செயல்படுத்தினாள். ராத்திரி ஆலையிலிருந்து போன் வந்தால் அவள்தான் எடுப்பாள். "ஆபத்தா, அவசரமா?" என்று ஒரே கேள்வி. ஆபத்து என்றால் என்னை எழுப்பிச் சட்டையை எடுத்துக் கொடுப்பாள். அவசரம் என்றால், "காலையில ஆறு மணிக்கு வருவாங்க" என்று வைத்துவிடுவாள். ஆறு மணிக்கு நான் போகும்போது அந்த அவசரங்களில் பெரும்பாலானவை தீர்ந்திருக்கும். என் மகள் பள்ளி ஆண்டு விழாக்களில் நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் என் திறமை இல்லை, அந்தக் கேள்வி. வேலைக்குப் போகிற பெண் பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் போனை எடுத்து இதே கேள்வியைக் கேட்க ஓர் ஆளைத் தேடிக்கொள்ளுங்கள்.

துணைவேந்தர் கடிகாரத்தைப் பார்க்கிறார். தங்கப் பதக்கம் வாங்கியவர்களுக்கும், அரியர் முடித்து இன்று பட்டம் வாங்குகிறவர்களுக்கும் சமமாக என் வாழ்த்து. விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். பின்வரிசையில் இருக்கும் பெற்றோரில் பலர் மதிய ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள். குழுப்படம் எடுப்பது கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை, அவர்களுக்கு முதல் பந்தியில் இலை போட்டுவிடுங்கள்.