இடிமேகமும் விமானப் பயணமும்

கோடையில் டில்லி வாழ் தமிழருக்கு இரண்டு நினைவுகள் ஒருங்கே வரும். ஒன்று, பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போவது, மற்றொன்று ஆந்தி. 1921-இல் எழுந்த கோல் மார்க்கெட்டின் பன்னிரு முகக் கட்டடத்தைச் சுற்றிய வீதிகளில் மாலை வேளையில் நடப்போர், மேற்கே வானம் மஞ்சளாய்த் திரிந்து புழுதி எழுவதைக் கண்டதும் வீட்டுக்கு விரைகின்றனர். நிலத்தில் நிற்கும் நமக்கு ஒதுங்கக் கூரை உண்டு. அதே மேகத்தை 36,000 அடி உயரத்தில் எதிர்கொள்ளும் விமானத்தின் நிலை என்ன? அதைச் சிறிது ஆராய்வோம்.

2025 மே 21 மாலை டில்லியில் ஆலங்கட்டி மழை பெய்தது. சப்தர்ஜங்கில் காற்று மணிக்கு 79 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. அன்றே டில்லியிலிருந்து ஸ்ரீநகருக்குச் சென்ற இண்டிகோ 2142-ஆம் எண் விமானம், இருநூறுக்கும் மேற்பட்டோருடன் பட்டான்கோட் அருகே இடிமேகத்தை எதிர்கொண்டது. விமானிகள் இடப்புறம், அதாவது எல்லைப்புறம், விலகிச் செல்ல அனுமதி வேண்டினர், கிடைக்கவில்லை. லாகூர் நிலையத்திடம் கேட்டனர், அங்கும் மறுப்பு. ஏப்ரல் இறுதி முதல் பாகிஸ்தான் வான்வெளி இந்திய விமானங்களுக்கு மூடப்பட்டிருந்தது. திரும்பிவிடலாம் என்று முதலில் எண்ணினர். ஆயின் அதற்குள் மேகம் மிக அருகில் வந்துவிட்டது. எனவே ஊடுருவிச் செல்லத் துணிந்தனர்.

உள்ளே ஆலங்கட்டியும் கடுங்குலுக்கமும் காத்திருந்தன. தானியங்கி விமானி விடுபட்டது. வேகங்காட்டும் கருவிகள் ஐயத்துக்கு இடமாயின. எச்சரிக்கைகள் மாறி மாறி ஒலித்தன. ஒரு கட்டத்தில் விமானம் நிமிடத்துக்கு 8,500 அடி வீதம் கீழிறங்கியது. விமானிகள் கையாலேயே அதனைச் செலுத்தி, திசை மாறாது மேகத்தைக் கடந்து, ஸ்ரீநகரில் பத்திரமாக இறக்கினர். பயணிகள் எவருக்கும் காயமில்லை. விமானத்தின் மூக்கு மட்டும் சிதைந்திருந்தது.

மேகத்தினுள் புகுந்தபின் ஏன் திரும்பவில்லை என்று நேயர்கள் கேட்கலாம். திரும்பும் விமானம் ஒருபுறம் சாய்கிறது; சாய்கையில் அதன் தாங்குவலி குறைகிறது; மேகத்துக்குள் கழியும் நேரமும் நீள்கிறது. ஆகவே உட்புகுந்தபின் நேர்வழியே பெரும்பாலும் குறுகிய வழியாகும்.

இத்துணை வலிமை மேகத்துக்கு எங்ஙனம் வந்தது? வெயிலில் சுட்ட ஈரக்காற்று மேலெழுந்து குளிர்கிறது. நீராவி நீர்த்துளியாகும்போது வெளிப்படும் வெப்பம் அக்காற்றை இன்னும் மேலே தள்ளுகிறது. மழையும் ஆலங்கட்டியும் விழுகையில் குளிர்காற்றையும் உடன் இழுத்து வருகின்றன. ஏறுகாற்றும் இறங்குகாற்றும் அருகருகே அமைய, அவற்றைக் குறுக்கே கடக்கும் விமானம் தூக்கி எறியப்படுகிறது. வட இந்தியக் கோடை மேகங்களின் உச்சி 50,000 அடியையும் தாண்டக்கூடும். பயணி விமானங்கள் அவற்றின் மேலே பறந்து தப்ப இயலாது. விலகியே செல்ல வேண்டும். கடும்புயல் மேகத்துக்கு ஏறத்தாழ 37 கிலோமீட்டர் தொலைவு விட வேண்டும் என்பது விமானிகள் அறிந்த நெறி.

இப்பாடம் பெரும் விலை கொடுத்துக் கற்றதாகும். 1953 மே 2-ஆம் நாள், கல்கத்தா டம் டம் நிலையத்திலிருந்து டில்லி நோக்கிப் புறப்பட்ட காமெட் ஜெட் விமானம், சில நிமிடங்களிலேயே இடிப்புயலில் சிக்கி வானிலேயே உடைந்தது. அதிலிருந்த 43 பேரும் மாண்டனர். உலகின் முதல் ஜெட் பயணிச் சேவை தொடங்கிச் சரியாக ஓராண்டு நிறைந்த நாள் அது. மேகங்காட்டும் ரேடார் பயணி விமானங்களில் பரவியது அதற்குப் பின்னரே. அந்த ரேடார் மழைத்துளியை நன்கு காட்டும். உலர்ந்த ஆலங்கட்டியையும் மேகத்துக்கு வெளியே உள்ள குலுக்கத்தையும் அவ்வளவு தெளிவாகக் காட்டாது.

2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற விமானம் மியான்மர் மீது குலுங்கியபோது, அதன் உயரம் 178 அடியே குறைந்தது. ஆயினும் பட்டை அணியாதோர் இருக்கையினின்று மேலே எழும்பி, நொடிகளில் மீண்டும் கீழே விழுந்தனர். ஒருவர் உயிரிழந்தார், பலர் படுகாயமுற்றனர். வீழ்ச்சியின் அளவைவிட அதன் திடீர்த் தன்மையே ஆட்களை வருத்தியது.

ஆகவே சென்னைக்கோ மதுரைக்கோ பறக்கும் நம்மவர்க்குக் கூறத்தக்கது சிலவே. விளக்கு அணைந்த பின்னும் அமர்ந்திருக்கும் வரை பட்டையை அவிழ்க்க வேண்டா. சூடான பானத்தைக் குழந்தையின் அருகே வைக்க வேண்டா. பணிப்பெண்கள் உணவு வழங்குவதை நிறுத்தித் தாமும் அமர்ந்துவிட்டால் முகம் சுளிக்க வேண்டா. அவர்களுக்கும் உயிர் உண்டு. இடிமேகத்தின் பொருட்டு பாலத்தில் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் விமானியைக் கடிந்துகொள்ளவும் வேண்டா. ஊரில் காத்திருக்கும் பாட்டிக்கு ஒரு செய்தி சொல்லிவிட்டு, மேகம் கலையும் வரை பொறுத்திருப்போம்.