நாம் ஏறியிருக்கும் படகு



நாம் எல்லோரும் மட்டாஞ்சேரியிலிருந்து எறணாகுளத்துக்குப் படகில் போயிருப்போம். படகு கிளம்பியதும் என்ன தெரிகிறது? கரை பின்னால் போவது போலத் தெரிகிறது. கரையா நகர்கிறது? இல்லை. படகுதான் நகர்கிறது.

வானமும் இப்படித்தான். சூரியன் கிழக்கே எழுகிறது. மேற்கே கடலில் இறங்குகிறது. நட்சத்திரங்களும் அப்படியே போகின்றன. உண்மையில் பூமிதான் கிழக்கு நோக்கிச் சுழல்கிறது. பூமிதான் நம் படகு! ஆரியபட்டர் சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் படகு உதாரணத்தைச் சொன்னார்.

நிலவு தினமும் சுமார் 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். அது பூமியைச் சுற்றி வருவதே காரணம்.

செவ்வாய் கிரகம் சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை பின்னால் போவது போலத் தெரியும். இதை ‘வக்கிரம்’ என்பார்கள். இதற்குப் பயந்து நல்ல காரியத்தைத் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. உண்மை என்ன? பூமியும் செவ்வாயும் சூரியனைச் சுற்றுகின்றன. பூமிக்கு வேகம் அதிகம். நம் படகு மெதுவான படகை முந்தும்போது, அந்தப் படகு பின்னால் போவது போலத் தெரியும் அல்லவா? அதுதான் இது. செவ்வாய் திரும்பிப் போகவில்லை. பயம் எதற்கு?

நான் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். இன்று இரவு கிழக்கே ஒரு நட்சத்திரத்தைப் பாருங்கள். எந்தக் கூரைக்கு மேலே நிற்கிறது? ஒரு மணி நேரம் கழித்து அதே இடத்தில் நின்று பாருங்கள். கையை நீட்டி முஷ்டி பிடித்தால், ஏறக்குறைய ஒன்றரை முஷ்டி அளவு நகர்ந்திருக்கும். பார்த்ததை நோட்டில் உங்கள் கையாலேயே எழுதுங்கள். நாளை வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.