கலயனாருக்கு இட்ட கட்டளை



பங்குனிப் பெருவிழாவின் ஐந்தாம் நாளாகிய இன்று, அடியார் வாழ்வில் தொழிலும் இல்லமும் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு திருக்கோயில் அன்பர்கள் பணித்திருக்கின்றார்கள். திருவிழா மேடையில் அற்புதங்களைப் பேசுவதே வழக்கம். முதலை உண்ட பாலகன் மீண்டதும், எலும்பு பெண்ணாய் எழுந்ததும் எத்தனை முறை கேட்டாலும் இனிக்கும். இன்று நாம் பேசப்போவது வீட்டு அடுப்பங்கரைச் செய்தி. இதுவும் புராணத்தில் உள்ளதுதான். நாம் அதிகம் நின்று பார்ப்பதில்லை.

திருத்தொண்டர் புராணம் அருளிய சேக்கிழார் பெருமான் சோழப் பேரரசின் அமைச்சராக இருந்தவர். அரச காரியத்தின் சுமை இன்னதென்று அறிந்தவர். அதனாலேயே போலும், அடியார் பலருடைய வரலாற்றில் அவர்கள் என்ன தொழில் செய்தார்கள் என்பதை மறவாமல் சொல்கின்றார். மண்கலம் வனைந்தவர், ஆடை வெளுத்தவர், செக்கு ஆட்டியவர், கடலில் வலை வீசியவர், துணி நெய்தவர் என்று அவ்வரிசை நீள்கின்றது. தொழிலைச் சொல்வதோடு நில்லாமல் பலருடைய இல்லத்தின் உள்ளேயும் நம்மை அழைத்துச் செல்கின்றார். அப்படி இரண்டு இல்லங்களுக்குள் இன்று செல்வோம்.

முதலாவது திருக்கடவூரில் குங்குலியக்கலய நாயனார் திருமனை. வீரட்டானத்து இறைவனுக்கு நாள்தோறும் குங்குலியத் தூபம் இடுவது அவர் மேற்கொண்ட பணி. வறுமை வந்தது. நிலத்தை விற்றார், உள்ள பொருளையெல்லாம் விற்றார், பணியை மட்டும் விடவில்லை. வீட்டில் குழந்தைகளும் சுற்றமும் பசியால் வாடினார்கள். அம்மையார் தம் திருமாங்கல்யத்தைக் கழற்றி, இதற்கு நெல் வாங்கி வாருங்கள் என்று கணவர் கையில் கொடுத்தார். வழியில் குங்குலியப் பொதியோடு ஒரு வணிகன் எதிர்ப்பட்டான். நாயனார் பொன்னைக் கொடுத்துப் பொதியை வாங்கினார். நேரே கோயிலுக்குச் சென்று பண்டாரத்தில் சேர்த்தார். அங்கேயே அன்பில் தோய்ந்து இருந்துவிட்டார். வீட்டில் எல்லோரும் பசியோடு உறங்கினார்கள்.

இவ்விடத்தில் பலர் கதையை நிறுத்தி, “பார்த்தீர்களா பக்தியை!” என்பார்கள். பக்தியில் ஐயமில்லை. ஆயினும் அதற்குப் பின் சேக்கிழார் சொல்வதைக் கேளுங்கள். இறைவன் முதலில் அருள் செய்தது எங்கே? கோயிலில் அன்று; வீட்டில். பொன்னும் நெல்லும் அரிசியும் பிற பொருள்களும் அம்மனையில் நிறைந்தன. அம்மையாரின் கனவில் அதனை உணர்த்தினான். அவர் எழுந்து தொழுது, கணவருக்கு அமுது அமைக்கத் தொடங்கினார். அதன் பிறகுதான் கோயிலில் இருந்த கலயனாருக்குத் திருவாக்குக் கிடைத்தது. அந்த வாக்கு என்ன? முத்தி தந்தோம் என்பதா? இன்னும் ஒரு பொதி குங்குலியம் கொண்டு வா என்பதா? மிகவும் பசித்திருக்கின்றாய், உன் வீட்டுக்குப் போய்ப் பாற்சோறு உண்டு துன்பம் நீங்குக என்பது. நாயனார் உடனே மகிழ்ந்து ஓடினார் என்றும் புராணம் சொல்லவில்லை. இறைவன் அருளை மறுத்து அங்கே இருப்பதற்கு அஞ்சிப் புறப்பட்டார் என்கின்றது. கோயிலை விட்டு வீட்டுக்குப் போவதுதான் அந்நேரத்தில் சிவபெருமான் இட்ட பணி. பின்னாளில் ஞானசம்பந்தப் பெருமானும் நாவுக்கரசரும் கடவூருக்கு எழுந்தருளியபோது விருந்து உண்டது இந்தத் திருமனையிலேதான்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊர்த் திருவிழாவில் இவ்வரலாற்றைச் சொல்லி முடித்ததும் அன்பர் ஒருவர் எழுந்தார். நல்ல வியாபாரி. “ஐயா, அவர் வீட்டில் நெல் இல்லை, நான் மூட்டை மூட்டையாக வாங்கிப் போட்டிருக்கின்றேன். காலை ஆறு மணிக்குக் கடை திறந்தால் இரவு பதினொன்றுக்குத்தான் வீடு சேர்கின்றேன். எல்லாம் பிள்ளைகளுக்காகத்தானே? இதில் என்ன குறை?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிள்ளை எந்த வகுப்பில் படிக்கின்றான் என்று கேட்டோம். சற்று யோசித்தார். பக்கத்தில் இருந்த அவருடைய மைத்துனர் விடை சொன்னார். கூட்டம் சிரித்தது, அவர் சிரிக்கவில்லை. நாமும் சிரிக்கவில்லை. பசி ஒரு வகை அன்று. நெல் இருந்தும் தகப்பன் முகம் காணாமல் வாடும் பசியும் உண்டு. அதற்கு நெல் மூட்டை மருந்தாகாது.

அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்; இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கடையில் ஒளிந்து கொள்வோரைப் போலவே கோயிலில் ஒளிந்து கொள்வோரும் இருக்கின்றார்கள். பத்து நாளும் பந்தற் பொறுப்பு, பூசைப் பொறுப்பு என்று இங்கேயே இருப்பார்கள். வீட்டில் நோயுற்ற தாய்க்கு மருந்து கொடுப்பதற்கு மட்டும் நேரம் இராது. கேட்டால் கலயனாரைக் காட்டுவார்கள்! திருவள்ளுவர் இல்வாழ்வான் பேண வேண்டியவர் ஐவர் என்றார்: நீத்த முன்னோர், தெய்வம், விருந்து, சுற்றம், தான். தெய்வம் அவ்வைந்தில் ஒன்று. தன்னையும் ஐந்தில் ஒன்றாக வைத்திருக்கின்றார். உழைத்து உழைத்து உடம்பைக் கெடுத்துக் கொள்வோர் அதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனித் தில்லைக்குச் செல்வோம். திருநீலகண்ட நாயனார் மண்கலம் வனைபவர். சிவனடியார்க்குத் திருவோடு கொடுப்பவர். தொழிலில் பழுதில்லை, தொண்டில் பழுதில்லை. பழுது வீட்டில் நேர்ந்தது. பிறர்மனை சென்று வந்த கணவரை அம்மையார் திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டு, எம்மைத் தீண்டாதீர் என்று தடுத்தார். அவ்வாணையை அவர் எப்படி ஏற்றார்? மனைவி கடுமையாகப் பேசினாள் என்று ஊரில் முறையிடவில்லை. வேலைச் சுமையால் மனம் தடுமாறியது என்று காரணம் தேடவில்லை. எம்மை என்று பன்மையில் சொன்னமையால் மற்றைப் பெண்களையும் மனத்தாலும் தீண்டேன் என்று, கேட்டதற்கு மேலாகவே தம்மைக் கட்டிக் கொண்டார். இருவரும் ஒரே வீட்டில், அயலார் அறியாமல், இளமை கழிந்து முதுமை வரும்வரை அப்படியே வாழ்ந்தார்கள். அம்மையார் மற்ற மனைக்கடன்களில் எதையும் குறைக்கவில்லை.

பின்பு இறைவன் சிவயோகியாய் வந்து ஓடு கொடுத்து, அதனை மறைத்து, மனைவி கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்று வழக்காடினான். தில்லை அந்தணர் அவையும் அதையே சொல்லிற்று. இருவரும் ஒரு மூங்கில் தண்டின் இரு முனைகளைப் பிடித்துக் குளத்தில் இறங்கினார்கள். கையைப் பிடி என்று வற்புறுத்தியபோது நாயனார் தம் பழைய செய்தியை ஊரறியச் சொன்னார். சொல்லி மூழ்கியவர்கள் இளமையோடு எழுந்தார்கள். இளமையாக்கினார் கோயில் என்று அத்தலம் இன்றும் தில்லையில் விளங்குகின்றது. இத்தனை ஆண்டுகளும் நாயனாரின் தொழில் நின்றதாகப் புராணம் சொல்லவில்லை. வெளியே எல்லாம் செவ்வையாக இருந்தது. நம் காலத்திலும் எத்தனை வீடுகளில் கணவனும் மனைவியும் அந்த மூங்கில் தண்டின் இரு முனைகளைப் பிடித்துக் கொண்டு வாழ்கின்றார்கள்!

வேலை நேரத்தைச் சட்டம் குறைக்க முயன்றது உண்மை. 1919-ல் வாஷிங்டனில் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று உடன்படிக்கை செய்தது. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமும் வாரத்துக்கு 48 மணி என்று வரம்பிட்டது. பாடுபட்டுப் பெற்ற உரிமைகள் இவை, போற்ற வேண்டும். மேலதிகாரி வரம்பு மீறினால் கேட்கவும் வேண்டும். ஆனால் ஆலையின் சங்கு ஊதிய பிறகு மனிதன் எங்கே போகின்றான் என்று சட்டம் பின்தொடர்ந்து பார்ப்பதில்லை. இப்பொழுதோ சங்கும் இல்லை. கைப்பேசி வழியே அலுவலகம் உணவு இலை வரைக்கும் வந்துவிடுகின்றது. அதனை அணைத்து வைக்கும் விரல் நம்முடையதேயன்றி முதலாளியுடையதன்று.

தாய்மார்கள் நிலையைச் சொல்லாமல் விடலாகாது. அவர்களும் வேலைக்குச் செல்கின்றார்கள். திரும்பி வந்து உலையும் வைக்கின்றார்கள். இல்லறம் இருவருக்கும் உரிய அறமாயின், பாத்திரம் துலக்குவதும் பிள்ளைக்குப் பாடம் சொல்வதும் ஒருவருக்கே விதித்தவையாதல் எப்படி? நாயனார் ஓடு வனைந்த கை மண் அளைந்த கைதான். ஆண்மக்கள் கை நனைவதால் சைவம் குறைந்துவிடாது.

வீட்டுக்கு வந்ததும் கைகால் கழுவி, திருநீறு அணிந்து, வீட்டார் அனைவரும் சேர்ந்து ஒரு பதிகம் ஓதி, ஒரு வேளையேனும் கூடி உண்பது என்று ஒரு நியமம் கொள்ளலாம். பூசைக்குக் காலம் வைத்திருக்கின்றோம். அர்த்தசாமம் என்றால் அர்த்தசாமந்தான். வீட்டுக்கும் அப்படி ஒரு காலத்தைக் குறித்து, கடையிலும் அலுவலகத்திலும் அதனை முன்னரே சொல்லி வைத்தல் வேண்டும். சொல்லாமல் இருந்துவிட்டு, விடமாட்டேன் என்கின்றார்கள் என்று பிறர்மேல் பழி போடுவது முறையன்று.

சுந்தரமூர்த்தி நாயனார், பங்குனி உத்திரத்துக்குப் பரவையார் செய்யும் செலவுக்காகப் பொன் வேண்டித் திருப்புகலூருக்கு நடந்தார். தலைக்கு வைத்துப் படுத்த செங்கல் பொன்னாயிற்று. அவ்வரலாற்றை நாளை மாலை விரித்துரைப்போம். இன்று சுவாமி வீதியுலாப் புறப்பட இரவு வெகுநேரம் ஆகும் என்கின்றார்கள். கைக்குழந்தையையோ, நோயாளியையோ, மறுநாள் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையையோ வீட்டில் விட்டு வந்தவர்கள் திருநீறும் பிரசாதமும் பெற்றுக்கொண்டு இப்பொழுதே புறப்படலாம். சுவாமி உங்கள் வீதிக்கு எழுந்தருளுவார். அவர்களோடு வாசலில் நின்று தரிசித்துக் கொள்ளுங்கள்.