புற்றுநோயின் வாய்க்கால்கள்



பயிர் தழைப்பதற்கு வித்து மாத்திரம் போதாது, நீரும் வேண்டும். வாய்க்காலை அடைத்துவிட்டால் எத்துணை வீரியமுள்ள வித்தும் முளையோடு நின்றுவிடும். புற்றுநோய்க் கட்டியும் இவ்விதிக்கு அடங்கியதே என்று கூறியவர் ஜூடா போக்மன் என்னும் அமெரிக்கச் சத்திர வைத்தியர். 1933ஆம் ஆண்டு பிறந்து 2008ஆம் ஆண்டு காலமான அவருடைய ஆராய்ச்சி, உலகம் நகைத்த ஒரு கருத்து மருந்தாக உருவெடுத்த வரலாறாகும்.

1960ஆம் ஆண்டையடுத்துப் போக்மன் அமெரிக்கக் கடற்படையின் மருத்துவ ஆராய்ச்சி நிலையமொன்றிற் பணிபுரிந்தார். நெடுங்காலம் கடலிற் செல்லும் கப்பல்களிற் குருதியைச் சேமித்து வைத்தல் அரிது. ஆதலின், குருதிக்குப் பதிலாகப் பயன்படக்கூடிய கரைசலொன்றை ஆக்குவதே அவருக்கும் பிரெடெரிக் பெக்கர் என்பாருக்கும் இடப்பட்ட பணி. உடலினின்றும் வேறாக்கிய தைரொயிட்டுச் சுரப்பியினூடாக அவர்கள் அக்கரைசலைச் செலுத்தினர். சுரப்பி உயிருடன் இருந்தது. அதிற் புற்றுக்கலங்களை இட்டபொழுது அவை சிறு கட்டிகளாக வளர்ந்தன. ஆயின், ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அளவை எய்தியதும் வளர்ச்சி நின்றுவிட்டது. அக்கட்டிகள் இறந்துவிடவில்லை, அவற்றை எடுத்துச் சுண்டெலிகளில் வைத்தபொழுது விரைந்து பெருத்தன. எலியில் உண்டாகிச் சுரப்பியில் உண்டாகாதது யாது? புதிய குருதிக்குழாய்களே.

1971ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையிற் போக்மன் தம் கருத்தை முழுமையாக எடுத்துரைத்தார். கட்டி ஒருவகைப் பொருளைச் சுரந்து, அருகிலுள்ள குழாய்களைத் தன்பால் அழைக்கின்றது; அவ்வழைப்பைத் தடுத்தாற் கட்டி பட்டினியால் ஒடுங்கும் என்றார். அறிஞர் பலர் இதனை ஏற்றிலர். கட்டியைச் சூழ்ந்த குழாய்கள், இறக்கும் கலங்களால் எழுந்த வெறும் அழற்சியே என்பது அக்கால நம்பிக்கை. உடலினின்றும் வெட்டியெடுத்த வெளிறிய கட்டிகளையே அவர்கள் ஆய்ந்தனர். போக்மனோ, சத்திரசிகிச்சையின்போது குருதி பாய்ந்து சிவந்திருந்த கட்டிகளைக் கையாற் தொட்டறிந்தவர்.

வாதத்திற்கு விடை சான்றே. 1984ஆம் ஆண்டில் அவருடைய ஆய்வுகூடத்தினர் குழாய்களை வளரச்செய்யும் புரதமொன்றைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். 1989ஆம் ஆண்டில் நப்போலியோனே பெராரா என்பாரும் அவர்தம் கூட்டத்தாரும், இன்று வி.ஈ.ஜி.எப். என வழங்கும் புரதத்தை இனங்கண்டனர். அழைப்பின் மொழி அப்பொழுது விளங்கலாயிற்று. கட்டி பெருக்கப் பெருக்க அதன் உட்கலங்கள் குழாய்களினின்றும் தூரமாகி, ஒட்சிசனின்றித் தவிக்கின்றன. அத்தவிப்பு கலத்தினுள்ளே ஒரு புரதத்தைத் திரளச் செய்கின்றது, அது வி.ஈ.ஜி.எப். ஆக்கும் பரம்பரை அலகைத் தூண்டுகின்றது. வெளியே பரவும் அத்தூதன், குழாய்ச் சுவரின் கலங்களிலுள்ள வாங்கிகளிற் பொருந்துகின்றான். பூட்டிற் திறப்பு பொருந்தியதுபோலக் கலத்தினுள்ளே சைகைகள் தொடர்கின்றன. சுவர்க்கலங்கள் பெருகி, நகர்ந்து, புதிய குழாயாக இணைகின்றன. ஒட்சிசன் குறைவைக் கலங்கள் உணரும் முறையைக் கண்டறிந்த மூவருக்கு 2019ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

இதனிடையே ஒரு சோதனையும் நேர்ந்தது. குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் இரு புரதங்கள் போக்மனின் ஆய்வுகூடத்தில் எலிகளின் கட்டிகளைச் சுருங்கச் செய்தன. 1998ஆம் ஆண்டு மே மாதத்தில் நியூயோர்க் நாளிதழொன்று இச்செய்தியை முதற்பக்கத்தில் வெளியிட்டது. நோயாளரும் உறவினரும் அம்மருந்தை வேண்டி வைத்தியர்களை மொய்த்தனர். எலியிற் கண்டது மனிதரிலும் நிகழுமென்று கொள்ளலாகாது எனப் போக்மன் எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை மெய்யாயிற்று, அப்புரதங்கள் மனிதரில் எதிர்பார்த்த பயனை அளித்தில.

எனினும் கருத்து பொய்க்கவில்லை. வி.ஈ.ஜி.எப்.ஐப் பற்றிக்கொள்ளும் பெவசிசுமாப் என்னும் மருந்து 2004ஆம் ஆண்டு அமெரிக்காவிற் பெருங்குடற் புற்றுநோய்க்கு அங்கீகரிக்கப்பட்டது. வழமையான மருந்துகளுடன் அதனையும் சேர்த்தபொழுது நோயாளரின் இடைநிலை ஆயுள் 15.6 மாதங்களிலிருந்து 20.3 மாதங்களாயிற்று. ஆயின் மார்புப் புற்றுநோய்க்கு அளித்த அங்கீகாரம், தீமைக்கு ஈடான நன்மை காணப்படாமையால் 2011ஆம் ஆண்டு மீளப்பெறப்பட்டது. ஒரு வாய்க்காலை அடைத்தாற் புற்று வேறொரு சைகையால் மறுவாய்க்கால் வெட்டிக்கொள்வதும் உண்டு. அதே அறிவு கண்வைத்தியத்திற் பெரும்பயன் விளைத்தது. முதுமையில் விழித்திரையின்கீழ்க் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையைக் கெடுக்கும் நோயில், இவ்வகை மருந்துகள் பலரின் பார்வையைக் காத்துள்ளன.

ஐந்து மாதமும் நிரம்பாத ஆயுள், ஏட்டிற் சிறிய எண்ணாகத் தோன்றலாம். பிள்ளையின் திருமணத்தையோ பேரக்குழந்தையின் முகத்தையோ காணக் காத்திருப்பவருக்கு அது சிறிதன்று. அதனைப் பூரண சுகம் என்று கூறி மயக்குதலும் தவறு. பயனற்றதென்று தள்ளுதலும் தவறு. எள்ளலுக்கு அஞ்சாது உழைத்த போக்மன், புகழ் வந்தபொழுதும் உள்ளதை உள்ளவாறே உரைத்தார். நோயாளருக்கு அறிவியல் செய்யவேண்டிய கடமையும் அதுவே.