முதல் உள்நாட்டுத் தளபதி

இலங்கை இராணுவத்தின் முதல் உள்நாட்டுத் தளபதி ஒரு தமிழர். அவர் பெயர் அன்ரன் முத்துக்குமாரு.

பிறந்தது 1908இல், கொழும்பில். குடும்ப வேர் எங்கள் யாழ்ப்பாணத்தில். ஒக்ஸ்போர்டில் படித்துச் சட்டத்தரணியானார். பிறகுதான் சீருடை அணிந்தார். இரண்டாம் உலகப்போரில், நேச நாட்டுப் படைத் தளபதி மவுண்ட்பேட்டனின் கண்டித் தலைமையகத்தைக் காத்த படைக்குத் தலைமை தாங்கினார்.

1949இல் இலங்கை இராணுவம் அமைந்தது. முதல் இரு தளபதிகளும் பிரித்தானியர். 1955இல் அந்தப் பொறுப்பு முத்துக்குமாருவிடம் வந்தது. வெளியாள் வைத்திருந்த வீட்டுச் சாவி வீட்டுக்காரர் கைக்கு வந்ததுபோல!

ஓய்வுக்குப் பின் தூதுவராகப் பணியாற்றினார். இலங்கையின் இராணுவ வரலாற்றையும் நூலாக எழுதினார்.

முதல் உள்நாட்டுத் தளபதி, அன்ரன் முத்துக்குமாரு. இன்று பள்ளிக்கூடம் புறப்படும் பிள்ளைகளிடம் இந்தப் பெயரைச் சொல்லிவிடுங்கள். அவர்கள் அறிந்திருக்க வேண்டிய பெயர் இது.