ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஓடுங்கோ

(யப்பானுக்குப் புதிதாக வந்த எமது உறவுகளுக்கான சந்திப்பில் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அவருடைய விருப்பப்படி பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது.)



வழக்கைப் பற்றிக் கதைக்கத்தான் என்னைக் கூப்பிடுவினம் எண்டு நினைத்தேன். ஓட்டத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் வழி தெரியாமல் இருக்கிற எங்களுக்கு என்ன ஓட்டம் எண்டு நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டனான்.

நான் முதல் இருந்தது டோக்கியோவில் ஓத்தா வட்டாரத்தில், தாமா ஆற்றுக்குக் கிட்ட. ஆற்றுக்கு அங்கால கவசாக்கி. அது கனகாவா மாகாணம். இரண்டையும் றொக்குகோ எண்ட பாலம் இணைக்கிறது. அப்போது எனக்குத் தற்காலிக விடுவிப்பு, ‘கரிஹோமென்’ எண்டு சொல்லுறது. வேலை செய்ய முடியாது, மருத்துவக் காப்புறுதியில் சேர முடியாது, அனுமதி இல்லாமல் மாகாணத்தை விட்டு வெளியே போகவும் முடியாது. நடந்தால் சில நிமிடத்தில் கடக்கிற பாலம். எனக்கு அது ஒரு நாட்டின் எல்லை மாதிரி.

இங்கே புதுவருசத்துக்கு எல்லாம் பூட்டு. குடிவரவு அலுவலகமும் டிசம்பர் 29 முதல் சனவரி 3 வரை திறக்காது. முதல் வருசம் அந்த நாட்கள் எனக்குப் பெரிய தனிமை. சனவரி 2 காலமை ரோட்டில் சனம் திரண்டு நிண்டது. என்னவோ ஏதோ எண்டு நானும் போய் நிண்டன். ஹக்கோனே எகிதென். பல்கலைக்கழகப் பெடியள் ஓடுகிற அஞ்சலோட்டம். 1920 இல் தொடங்கியது. ஒரு அணிக்குப் பத்துப் பேர். டோக்கியோ ஒத்தேமாச்சியிலிருந்து ஹக்கோனே மலையில் உள்ள ஏரி வரை ஒரு நாள், அடுத்த நாள் திரும்பி, மொத்தம் ஏறத்தாழ 217 கிலோமீற்றர். கையில் தடி இல்லை. தோளில் குறுக்காகப் போடுகிற துணிப்பட்டி, ‘தசுகி’ எண்டு பெயர். அதைத்தான் கழற்றி அடுத்தவருக்குக் குடுக்கிறது. காலை 8 மணிக்கு வெளிக்கிட்டால் 9 மணிக்குக் கொஞ்சம் முன்னால் றொக்குகோ பாலத்தைக் கடந்துவிடுவார்கள். நான் பாலத்துக்கு இந்தப் பக்கம் நிண்டு பார்த்தேன். ஒருவரும் ஒரு யென் கேட்கவில்லை. பக்கத்தில் நிண்ட ஒரு அம்மா எனக்கும் ஒரு சின்னக் கொடி தந்தா.

அதில் ஒரு விதி இருக்கிறது. முன்னால் போன அணியை விட ஒரு அணி அளவுக்கு மிஞ்சிப் பிந்தினால், அடுத்த ஓட்டக்காரரைக் காத்திருக்க விடமாட்டார்கள். வேறு பட்டியைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். பிந்தி வந்த பெடியன் பட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, குடுக்க ஆள் இல்லாமல் விழுந்து அழுததை ரிவியில் பார்த்தேன். அண்டைக்கு என் வழக்கின் நினைப்பில் எனக்கும் கண்ணீர் வந்தது. சரி, அது கிடக்கட்டும்.

அதுக்குப் பிறகு நானும் ஆற்றங்கரையில் ஓடத் தொடங்கினேன். வேலை இல்லாதவனுக்குப் பகல் நீளம். நித்திரை வருவதில்லை. ஓடினால் வந்தது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு விசயத்தைக் கவனமாகக் கேளுங்கோ. ஓடப் போகும்போது ஒருவரும் பேர்ஸ் கொண்டுபோறதில்லை. யப்பானியர் அப்படிப் போகலாம். நாங்கள் போகக் கூடாது. 16 வயதுக்கு மேற்பட்டவர்கள் வதிவிட அட்டையை, அதாவது ‘ஸைரியு கார்ட்’டை, எப்போதும் உடம்போடு வைத்திருக்க வேணும். இல்லாவிட்டால் 2 இலட்சம் யென் வரை தண்டம் போட சட்டத்தில் இடம் இருக்கிறது. அட்டை இல்லாதவர்கள் விடுவிப்புப் பத்திரத்தை வைத்திருக்க வேணும். ஒரு நாள் பின்னேரம், இருட்டுப்பட்ட நேரம், தொப்பிச் சட்டை போட்டு ஓடின என்னைப் பொலிஸ் மறித்தது. பத்திரம் வீட்டில். இரண்டு மணித்தியாலம் பொலிஸ் நிலையத்தில் இருந்தேன். இப்ப ஒரு பிளாஸ்ரிக் உறையில் போட்டு இடுப்புப் பையில் வைத்துக்கொண்டுதான் ஓடுறன். வியர்வையில் நனைந்தால் கடதாசி கிழியும், அதுக்காகச் சொல்லுறன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மக்கள் மண்டபத்தில் இலவசமாக யப்பானிய மொழி படிப்பிப்பார்கள். எனக்குப் படிப்பித்த ரீச்சர் அறுபது வயது கடந்தவ, நல்லா ஓடுவா. 2013 இல் ஒரு ஊர் எகிதெனுக்கு நாலாவது ஆள் இல்லை, நீ வா எண்டு கேட்டா. எனக்குச் சந்தோசம். உடனே ஓம் எண்டு சொல்லிப்போட்டன். பாதை வரைபடம் கைக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்: ஓட்டம் கவசாக்கிப் பக்கம்.

வாய் திறக்கவில்லை. வெட்கம். கரிஹோமென் எண்டு சொன்னால் குற்றவாளி எண்டு நினைப்பா எண்ட பயம். முழங்கால் நோகுது எண்டு பொய் சொன்னேன். அண்டு பின்னேரமே நோவுக்கு ஒட்டுற பிளாஸ்ரர் ஒரு பெட்டியோடு ரீச்சர் கதவடியில் வந்து நிண்டா. அதுக்குப் பிறகும் எப்படிப் பொய் சொல்லுறது? பத்திரத்தை எடுத்துக் காட்டினேன். அவ கண்ணாடி போட்டு முழுவதும் வாசித்தா. இப்படி ஒண்டு தன்ர நாட்டில் இருப்பதே தனக்குத் தெரியாது எண்டா. பெரும்பாலான யப்பானியருக்குத் தெரியாது, நீங்களும் காண்பீர்கள்.

பயணத்துக்கு முன்கூட்டியே அனுமதி கேட்க ஒரு படிவம் இருக்கிறது. எந்த நாள், எங்கே, எதற்காக எண்டு எழுதி, ஓட்டத்தின் துண்டுப்பிரசுரத்தையும் வரைபடத்தையும் சேர்த்துக் குடிவரவு அலுவலகத்தில் குடுத்தோம். ரீச்சரும் கூட வந்தா. ஒரு நாளுக்கு அனுமதி கிடைத்தது. நான் ஓடினது மூன்று கிலோமீற்றர். எங்கள் அணி கடைசிக்கு முதல். அடுத்த வருசமும் கேட்டேன், கிடைக்கவில்லை. அதனால் கேட்டால் கிடைக்கும் எண்டு நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். கேட்காமல் பாலத்தைக் கடந்தால் திரும்பவும் தடுப்பு முகாமுக்குப் போக நேரலாம் எண்டு மட்டும் சொல்லுவேன். 2024 யூனில் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, ஒரு மேற்பார்வையாளரின் பொறுப்பில் வெளியே விடுகிற ‘கன்ரி சொச்சி’ எண்ட முறையும் இருக்கிறது. அதிலும் நடமாடும் எல்லை உண்டு. உங்கட பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது எண்டு சட்டத்தரணியைக் கொண்டு ஒருக்கா வாசிப்பித்து வையுங்கோ. வதிவிட அட்டை உள்ளவர்களுக்கு இந்த மாகாணத் தடை இல்லை. ஆனால் வீடு மாறினால் 14 நாளுக்குள் நகரசபையில் பதிய வேணும்.

ஓட்டத்தில் சேர்கிற படிவங்களைப் பற்றியும் சொல்ல வேணும். மருத்துவக் காப்புறுதி இருப்பதைக் காட்டும் ஆவணம் கொண்டுவரச் சொல்லிப் பலதில் எழுதியிருக்கும். காப்புறுதி இல்லாதவர் விழுந்து காலை முறித்தால் முழுச் செலவும் தன்ர கையில். குறைந்த செலவில் அல்லது இலவசமாகப் பார்க்கிற திட்டத்தில் சில ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. விழுந்த பிறகு தேடாமல் இப்பவே எங்களிடம் கேட்டு வையுங்கோ.

பிறகு, பெயரும் படமும். ஊர் ஓட்டம் எண்டாலும் முடிவுத்தாளில் பெயர் வரும், படம் எடுத்து எல்லாரும் பார்க்கப் போடுவார்கள். ஊரில் தாய் தகப்பன் இருக்கிறவர்கள், உங்களைத் தேடுகிற ஆட்கள் இருக்கிறவர்கள், பெயர் போட வேண்டாம் எண்டு முதலே சொல்லுங்கோ. மறுத்தால் ஓடாதேயுங்கோ. எங்கட பெடியன் ஒருவன் வெற்றிக்கிண்ணத்தோடு நிண்ட படத்தை ஊரில் காட்டி விசாரித்திருக்கினம்.

ஓட்டம் நடத்துகிறவர்கள் கூடாரம் அடிக்க, தண்ணி குடுக்க ஆள் கேட்பார்கள். முடிவில் ஒரு உறையில் காசு வைத்து நீட்டுவதும் உண்டு. வேலை அனுமதி இல்லாவிட்டால் வாங்காதேயுங்கோ, சின்னக் காசு எண்டாலும். அனுமதி இருக்கிறதா எண்டு அட்டையிலும், பாஸ்போட்டில் குத்தித் தந்திருக்கிற சின்னத் தாளிலும் பாருங்கோ. பக்கத்து அறைக்காரருக்கு இருக்கிறது எண்டு நினைத்து உங்களுக்கும் இருக்கும் எண்டு எடுக்காதேயுங்கோ.

இன்னொரு பகிடி. எங்கட நிறத்தைக் கண்டவுடன் நாங்கள் வேகமாக ஓடுவோம் எண்டு நினைப்பினம். எல்லாம் கென்யாக்காரரால் வந்த வினை. சாமுவேல் வஞ்சிரு எண்ட பெடியன் 2002 இல் 15 வயதில் செண்டாய்க்குப் படிக்க வந்து, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மரதன் ஓடித் தங்கம் எடுத்தான். அப்படிப்பட்ட ஆட்களுக்கும் இங்கே கட்டுப்பாடு இருக்கிறது. ஹக்கோனேயில் ஒரு அணியில் ஒரு வெளிநாட்டு மாணவர்தான் ஓடலாம். நான் கடைசியில் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது ஒரு தாத்தா உண்மையாகவே குழம்பிப் போனார்.

பிறகு ஒரு காலம் என்ர சட்டத்தரணி, உன்னை அறிந்த யப்பானியர் யாரும் கடிதம் எழுதித் தருவினமா எண்டு கேட்டார். ரீச்சரும் அணியில் மற்ற மூன்று பேரும் எழுதித் தந்தார்கள். என்னோடு ஓடினதை எழுதினார்கள், முழங்கால் பொய்யையும் சேர்த்து. அந்தக் கடிதங்கள் எவ்வளவு உதவினது எண்டு எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. இப்ப என்னிடம் வதிவிட அட்டை இருக்கிறது. றொக்குகோ பாலத்தைக் கேட்காமல் கடக்கிறேன்.

காசில்லாமல் ஓட விரும்பினால், ஃபுதாகோ தாமகாவாவில் சனிக்கிழமை காலை 8 மணிக்கு ‘பார்க்ரன்’ எண்டு ஐந்து கிலோமீற்றர் ஓட்டம் 2019 இல் தொடங்கினது. ஒருக்காப் பதிந்தால் போதும், நடக்கவும் செய்யலாம். அது ஆற்றுக்கு டோக்கியோப் பக்கம். அங்கேயும் முடிவுகளில் பெயர் வரும், நான் முன்னம் சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கோ. தனியப் போகக் கூச்சம் எண்டால் தேநீர் இடைவேளையில் என்னிடம் வாங்கோ, சேர்ந்து போவம். சப்பாத்து இல்லாதவர்கள் அளவைச் சொல்லுங்கோ, இங்கே சென்ரிமீற்றரில்தான் கணக்கு. 26 இலும் 27 இலும் பழைய சோடிகள் நாலைந்து என்னிடம் கிடக்கிறது.