பசறை வீதியில் ஒரு பல்கலைக்கழகம்

(புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்யும் மலையக இளைஞர்களுக்கும், அவர்களைப் பார்க்க வந்திருந்த பெற்றோருக்குமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்த கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை. பேசியபடியே தரப்படுகிறது.)



உங்களுக்குக் கிழமையில் ஒரு நாள்தான் கடை லீவு. உடுப்புக் கழுவ வேணும், தலைமயிர் வெட்ட வேணும், ஊருக்குக் காசு அனுப்ப வேணும். அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே நான் நீட்டி முழக்கப் போவதில்லை. ஒரே ஒரு இடத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

முதலில் ஒரு கேள்வி. பதுளையில் இருந்து பசறைக்குப் பஸ்ஸில் போனவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். நிறையப் பேர் இருக்கிறீர்கள். சரி, அந்த ரோட்டில் டவுனைத் தாண்டியதும் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறதே, அதைப் பார்த்தவர்கள்? பார்த்திருக்கிறீர்கள். அதற்குள்ளே என்ன படிப்பிக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள்? கையெல்லாம் இறங்கிவிட்டது. நான் வந்தது அதற்குத்தான்.

அதற்குப் பெயர் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம். 2005 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசாங்கப் பல்கலைக்கழகம். வெல்லஸ்ஸ என்றால் இலட்சம் வயல் என்று அர்த்தம் சொல்வார்கள். மொனராகலைப் பக்கத்து ஊர்ப்பெயர் அது. பேராதனை, கொழும்பு மாதிரிப் பெரிய இடம் இல்லை. வைத்தியப் படிப்புக்கும் சட்டப் படிப்புக்கும் பெயர் எடுத்த இடமும் இல்லை. அதனால்தான் நம்முடைய ஆட்கள் வாயில் அந்தப் பெயர் வருவதில்லை. கம்பஸ் என்றால் பேராதனை, இல்லாவிட்டால் யாழ்ப்பாணம் என்றே பேசிப் பழகிவிட்டோம்.

ஆனால் அங்கே ஒரு படிப்பு இருக்கிறது. தேயிலைத் தொழில்நுட்பமும் பெறுமதி சேர்த்தலும் என்று பெயர். நாலு வருசப் பட்டம். நன்றாகக் கேளுங்கள், தேயிலையில் பட்டம்! மண் எப்படி, செடி எப்படி, பூச்சி நோய் எப்படி என்று தொடங்கி, ஸ்டோரில் கொழுந்து வாட்டுவது, அரைப்பது, சிவக்க விடுவது, காய வைப்பது, சலிப்பது, பிறகு ருசி பார்ப்பது, விற்பது வரைக்கும் அதற்குள் வருகிறது. நாம் இருநூறு வருசமாக மலையில் பிறந்து மலையில் சாகிற சனம். நம் அம்மாமார் கூடையைத் தலையில் மாட்டி மழையில் நின்று எடுத்த கொழுந்தைப் பற்றி நாலு வருசம் படிப்பிக்கிறார்கள். அந்த வகுப்பில் நம்முடைய பிள்ளைகள் எத்தனை பேர் இருக்க வேணும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

பெறுமதி சேர்த்தல் என்ற சொல் புதுசாக இருக்கும். அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து சேர்ந்தால்தான் ஒரு கிலோ தூள். அந்தத் தூள் இங்கே கொழும்பு ஏலத்துக்கு வருகிறது. 1883 ஆம் ஆண்டில் இருந்து இந்த நகரத்தில் தேயிலை ஏலம் நடக்கிறது. ஏலத்தில் எடுத்தவர் கலக்குகிறார், பைக்கட் போடுகிறார், சின்னப் பையில் கட்டி நூல் தொங்க விடுகிறார், வாசனை சேர்க்கிறார், பெயர் ஒட்டுகிறார். ஒவ்வொரு படியிலும் விலை ஏறுகிறது. மலையில் நிற்கிறவருக்கு அந்த ஏற்றத்தில் பங்கு இல்லை, அவருக்குப் பேர்தான், கூடினால் மேல் கிலோக் காசுதான். விலை ஏறுகிற அந்தப் படிகளைப் படிப்பிக்கிற படிப்புத்தான் பெறுமதி சேர்த்தல். இங்கே மொத்தக் கடைகளில் வேலை செய்கிற தம்பிமாருக்கு இது நான் சொல்லாமலே விளங்கும். மூட்டையாக வாங்கிப் பைக்கட்டாக விற்றால் என்ன மிஞ்சும் என்று உங்களுக்குத் தெரியாதா?

தேயிலை மட்டும் இல்லை. தென்னை, றப்பர் சம்பந்தமான பட்டம் இருக்கிறது. ஏற்றுமதி விவசாயம், அதாவது மிளகு, கறுவா, ஏலம் மாதிரியான பயிர்கள். கால்நடை, நீர்வாழ் வளம், கனிய வளம், கணினி, முகாமைத்துவம், ஹோட்டல் சுற்றுலா என்று வேறும் இருக்கின்றன. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படித்தவர்களுக்கும் அங்கே பீடம் இருக்கிறது. கல்விக்கட்டணம் கிடையாது. வீட்டு வருமானம் குறைந்த பிள்ளைக்கு மகாபொல உதவிப் பணத்துக்கு விண்ணப்பிக்கலாம். 1981 இல் இருந்து இருக்கிற திட்டம் அது. அது கிடைக்காவிட்டால் பேர்சரி என்று இன்னொன்று இருக்கிறது. காசு தாராளமாக வராது, மாசக் கடைசியில் இழுபறிதான். ஆனாலும் காசு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையை மறிக்கத் தேவையில்லை.

வாசலில் ஒரு ஐயா என்னிடம் கேட்டார். மருமகன் வெள்ளவத்தையில் இருக்கிறாராம். காலி வீதி நெடுக கனடாவில் படிக்க அனுப்புகிறோம் என்று போர்டு போட்டிருக்கிறார்களாம். தோட்டத்துக் கம்பஸை விட அது நல்லதுதானே தம்பி என்றார். ஐயா, வசதி இருக்கிறவர் போகட்டும், அதில் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் வெளிநாட்டுப் பிள்ளைக்கு அங்கே கட்டணம் அந்த நாட்டுப் பிள்ளைக்கு இருப்பதைப் போல் பல மடங்கு. போதாததற்கு 2024 இல் கனடா வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பும் போட்டது. நகையை அடகு வைத்துக் கட்டின காசு திரும்பி வராமல் தலையில் கை வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கனடா என்று வந்ததால் அங்கே உள்ள ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வடக்கே பிரின்ஸ் ஜோர்ஜ் என்று ஒரு ஊர். மரம் வெட்டுகிற, பலகை அறுக்கிற சனம் வாழ்கிற பக்கம். அவர்கள் பிள்ளைகள் படிப்பதென்றால் தெற்கே வன்கூவருக்குப் போக வேணும். ரோட்டால் எழுநூறு கிலோ மீற்றருக்கு மேல். போன பிள்ளை திரும்பி வருவதில்லை. டொக்டர், டீச்சர் யாரும் வடக்குக்கு வர மாட்டார்கள். அந்தச் சனம் என்ன செய்தது தெரியுமா? எங்கள் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம் வேணும் என்று மனு எழுதி, ஆளுக்கு 5 டொலர் கொடுத்துக் கையெழுத்து வைத்தார்கள். 16,000 பேர். 1990 இல் சட்டம் வந்தது, 1994 இல் எலிசபெத் மகாராணி வந்து திறந்து வைத்தார். இன்றைக்கும் சின்னப் பல்கலைக்கழகம்தான். அவர்கள் காசு கொடுத்துக் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள். நமக்கு நம்முடைய மலையிலேயே ஒன்றைக் கட்டித் தந்திருக்கிறார்கள், நாம் பஸ் ஜன்னலால் பார்த்துவிட்டுப் போகிறோம்.

இனித்தான் முக்கியமான விசயத்துக்கு வருகிறேன். ஊவா வெல்லஸ்ஸவில் கலைப் பீடம் இல்லை. நம்முடைய பிள்ளைகளில் பெரும் பகுதி உயர்தரத்தில் எதைப் படிக்கிறது? கலைப் பிரிவு. ஏன்? பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அதுதான் இருக்கிறது. விஞ்ஞானத்துக்கு லெப் இல்லை, இரசாயனத்துக்கு டீச்சர் இல்லை. ஆக, பிள்ளை சாதாரண தரம் எழுதி முடித்த அந்த மாசத்திலேயே தேயிலைப் பட்டத்தின் கதவு சாத்திவிடுகிறது. சாத்தினது தெரியக்கூட மாட்டாது. கலை படிப்பதை நான் குறை சொல்லவில்லை. நம்முடைய ஆசிரியர்மார் பலர் அதிலிருந்து வந்தவர்கள்தான். ஆனால் விஞ்ஞானமும் கணக்கும் ஓடுகிற பிள்ளையை வழி இல்லை என்று கலைக்குத் தள்ளுவது வேறு.

சாதாரண தரத்தில் கணக்கும் விஞ்ஞானமும் நன்றாகச் செய்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், விஞ்ஞானப் பிரிவோ தொழில்நுட்பப் பிரிவோ இருக்கிற பள்ளிக்கூடம் எது என்று அப்போதே தேட வேணும். ஹட்டன் ஹைலண்ட்ஸ் மாதிரிப் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. தூரம்தான். தங்க வைக்க ஒரு சொந்தக்காரர் வீடு பார்க்க வேணும், இரண்டு வருசம் பல்லைக் கடிக்க வேணும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. இங்கே கொழும்பில் வேலை செய்கிற அப்பாமார் சிலர், பிள்ளையை இங்கேயே கூட்டி வந்து கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் நல்லது என்று நினைக்கிறார்கள். யோசித்துச் செய்யுங்கள். பெரும்பாலான பாடநெறிகளுக்கு நூற்றுக்கு 40 இடம் முழு இலங்கைத் திறமைப்படி, 55 இடம் மாவட்டப்படி, 5 இடம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் சேர்ந்தவை. பிள்ளை எந்த மாவட்டம் என்பதை, பரீட்சைக்கு முந்திய வருசங்களில் எந்த மாவட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தது என்று பார்த்தே தீர்மானிக்கிறார்கள். கொழும்பில் படித்தால் கொழும்புப் பிள்ளையோடு போட்டி. அதே இசட் புள்ளிக்கு மலையில் கிடைக்கிற இடம் இங்கே கிடைக்காமல் போகலாம்.

என் கதையையும் சொல்லத்தான் வேணும், இல்லாவிட்டால் நீங்கள் இவன் யார் உபதேசம் பண்ண என்று கேட்பீர்கள். நான் சாதாரண தரத்தில் கணக்கில் திறமைச் சித்தி. பெறுபேறு வந்த கிழமையே மாமா என்னைப் புறக்கோட்டைக்குக் கூட்டி வந்துவிட்டார். ஒரு மொத்தக் கடையில் மூன்று வருசம் மூட்டை பிரித்தேன், கடை மேல்தட்டிலேயே படுத்தேன். மாமா கெட்டவர் இல்லை, அவருக்குத் தெரிந்த வழி அதுதான். பிறகு ஊருக்குத் திரும்பித் தனியாக உயர்தரம் எழுதிப் பார்த்தேன், சரிவரவில்லை. இப்போது நாற்பது தாண்டிவிட்டது. நான் படித்த பள்ளிக்கூடத்தில் கணக்கு ஓடுகிற பொடியனுக்கு இன்ன வழி இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஸ்டோரில் வேலை செய்கிற ஒருவரின் மகள் அங்கே தேயிலைப் படிப்புக்குப் போனது. படிவம் நிரப்பும்போது நான் கூட இருந்தேன். போன முதல் ஆறு மாசம் அழுதுகொண்டே இருந்தது. ஏனென்றால் பாடம் எல்லாம் இங்கிலீசில். நம்முடைய பள்ளிக்கூட இங்கிலீசு அதற்குப் போதாது, இதை நான் மறைக்க மாட்டேன். அந்தப் பிள்ளை லீவுக்கு வந்தபோது அப்பாவிடம், கொழுந்து சிவந்தது போதும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறது. அவர், மூக்குக்குத் தெரியும் புள்ள, ஆப்பிள் மாதிரி ஒரு வாசம் வரும் என்றாராம். அது ஏன் வருகிறது என்று பிள்ளை கொப்பியை விரித்துக் காட்டியிருக்கிறது. முப்பது வருசமாக ஸ்டோரில் நின்ற மனுசன் என்னிடம் வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இங்கிலீசுக்குப் பயப்படுகிற பிள்ளைகள் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வருகிற வரை சும்மா இருக்கிற மாசங்களில் அதைப் பிடித்துக்கொள்ள வேணும். அந்த மாசங்களில்தான் கடைக்குக் கூட்டி வருகிறீர்கள். கூட்டி வாருங்கள், வேலை செய்யட்டும், பின்னேரத்தில் இங்கிலீசு வகுப்புக்கு மட்டும் விடுங்கள்.

பொம்பிளைப் பிள்ளையை அனுப்பப் பயம் என்கிறார்கள் தாய்மார். பகிடிவதையை நினைத்துப் பயம். பகிடிவதைக்கு எதிராக 1998 இல் சட்டமே வந்திருக்கிறது. சட்டம் வந்ததும் எல்லாம் நின்றுவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். என்ன நடந்தாலும் வீட்டுக்குச் சொல்லப் பிள்ளைக்குத் தைரியம் கொடுங்கள். பதுளை உங்களுக்குத் தெரியாத ஊர் இல்லை, ஒரு பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

கடைசியாகப் படிவம். உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு கைந்நூல் ஒன்றை வெளியிடும். தமிழிலும் வரும். எந்தப் பாடநெறிக்கு எந்தப் பாடங்கள் வேணும் என்று அதில் இருக்கும். வருசத்துக்கு வருசம் மாறலாம், ஆகையால் போன வருசப் புத்தகத்தைப் பார்த்து நிரப்பாதீர்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு பாடநெறிக்கும் தனி இலக்கம். அதை விருப்ப வரிசையில் போட வேணும். போடாத இலக்கம் கிடைக்காது, எவ்வளவு புள்ளி இருந்தாலும் கிடைக்காது. நம்முடைய பிள்ளைகள் நாலைந்து இலக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். இப்போது இன்டர்நெட்டில்தான் விண்ணப்பம், போனிலேயே நிரப்பலாம் என்று அவசரப்பட்டுப் பிழை விடாமல் விசயம் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து செய்யுங்கள்.

அதற்கு முன்னால் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அதில் ஒரு பெயர், பள்ளிக்கூடப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், இது நம்முடைய ஆட்களிடம் பெரிய வியாதி. திருத்துவதற்கு மாசக்கணக்கில் ஆகும். இன்றைக்கு இரவு ஊருக்கு போன் பண்ணி, டிரங்குப் பெட்டியில் இருக்கிற சான்றிதழைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

நான் பகல் வரைக்கும் இங்கேதான் இருப்பேன். பிள்ளையின் பெறுபேற்றுத் தாளைக் கொண்டு வந்தவர்கள் இந்த மேசைக்கு வாங்க. பின்னால் நிற்கிற தம்பி ஏதோ கேட்க வேணும் என்று ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். கேளுங்க தம்பி.